மிதியும் சுரமும்

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் காலால் இயக்குகிற வாத்தியம் எது என்று கேட்டால் எவரும் ஆர்மோனியத்தைத்தான் சொல்வார்கள். ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயில்களில் பூசைப் பாட்டுக்குப் பாடகர் குழுவின் அருகே அது நின்றது. இசை நாடக மேடையின் ஓரத்திலும் அதே குடும்பத்துப் பெட்டி இருந்தது. நடிகமணி வி. வி. வைரமுத்துவின் அரிச்சந்திரன் மயான காண்டத்தில் நின்று பாடியதை யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறையே நினைவில் வைத்திருக்கிறது. அந்த வகை நாடகத்தில் பாடுகிற குரலுக்கு இரவு முழுவதும் சுருதி பிடித்துக் கொடுத்த ஆர்மோனியக்காரரை நினைப்பவர்கள் குறைவு.

பாதம் இசைக்கு இரண்டு விதமாக உதவலாம். சக்தி கொடுப்பது ஒன்று: மிதித்தால் காற்று வரும், எந்தச் சுரம் என்பதை விரல் பார்த்துக்கொள்ளும். மற்றது சுரத்தையே மாற்றுவது: தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பாதம் அதை அடுத்த சுரத்துக்கு ஏற்றும். முதலாவதற்கு மிதி ஆர்மோனியம் எடுத்துக்காட்டு. இரண்டாவதன் மிகச் சிறந்த வடிவம் பெடல் ஸ்டீல் கிற்றார். அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்துப் பாட்டுகளில் அழுவதுபோல் வளைந்து ஏறுமே, அந்த ஒலி அதனுடையது. நம் பக்கம் அதிகம் வராத வாத்தியம்தான். ஆனாலும் வீணையின் கமகத்தைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது அந்நியமாக இராது.

முதலில் ஆர்மோனியம். மிதி வகையில் இரண்டு உண்டு. ஐரோப்பிய வகை, சேர்த்து வைத்த காற்றை, ஒலி எழுப்பும் உலோக நாக்குகளின் ஊடாக வெளியே தள்ளும். பாரிசில் அலெக்சாந்தர் டெபேன் 1842-இல் காப்புரிமை பெற்றது இதற்குத்தான். அமெரிக்க வகை நேர் எதிர்: உள்ளே காற்றழுத்தத்தில் ஒரு குறைவை உண்டாக்கி, வெளிக்காற்றை நாக்குகளின் ஊடாக உறிஞ்சும். வெர்மொண்ட் மாநிலத்துப் பிராட்டில்பரோவில் எஸ்ரி நிறுவனம் இந்த வகையில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளைச் செய்தது. கையால் துருத்தி அசைக்கும் சிறிய பெட்டி பின்னர் வந்தது. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் 1875 அளவில் அதை உருவாக்கினார். பாயில் சம்மணமிட்டு அமர்ந்து பாடும் வழக்கத்துக்கு அது பொருந்தியதால் காலின் வேலை இடது கைக்குப் போயிற்று. கோயிலிலும் நாடக மேடையிலும் இரண்டு கையும் கட்டைகளுக்கு வேண்டியிருந்தன. அங்கே கால் வகை நிலைத்தது.

1990களின் தொடக்கத்துப் போர்க்கால இடப்பெயர்வில் தீவகம் பெருமளவு வெறுமையானது. சனங்கள் எடுத்துச் செல்லக்கூடியதை எடுத்துச் சென்றார்கள். மிதி ஆர்மோனியம் எடுத்துச் செல்லக்கூடியதல்ல. மீளக் குடியேறிய பின் அப்படி விட்டுப்போன ஒரு பெட்டியைத் திருத்துவதை அருகிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. வலது மிதி அசைவற்று நிலத்தில் கிடந்தது. திருத்த வந்த முதிய தச்சர் முன்பலகையைக் கழற்றிவிட்டு நிலத்தில் சரிந்து படுத்தார்.

“தம்பி, ரோச்சைக் கொஞ்சம் கீழ பிடியும்.”

“மிதியையே புதிசா மாத்த வேணுமோ, அண்ணை?”

“மிதிக்கு ஒண்டுமில்லை. வார்தான் போயிருக்கு. எண்டாலும் ரெண்டு வாரையும் மாத்துவம். ஒண்டு புதுசு, ஒண்டு பழசெண்டால் வாசிக்கிறவற்றை கால் நொண்டும்.”

அந்த வார், இரண்டு விரல் அகலப் பருத்தி நாடா. மிதியின் அடியிலிருந்து புறப்பட்டு, ஒரு மர உருளையைச் சுற்றி மேலேறி, உறிஞ்சு துருத்தியின் பலகையில் ஆணியடித்து முடியும். மிதித்தால் நாடா இழுபட்டுத் துருத்தி விரியும். காலைத் தளர்த்தினால் உள்ளிருக்கும் சுருள்வில் அதை மூடும். உருளையைச் சுற்றி வளையும் இடத்தில் நாடா தேய்ந்து நூல் நூலாகப் பிரிந்திருந்தது. மற்ற இடங்களில் விரலால் தேய்த்தால் வெள்ளையாக மாவு உதிர்ந்தது. உப்புத்தான்.

புது நாடாவை வெட்டும்போது அவர் காட்டிய கவனத்துக்குப் பௌதிகவியலில் காரணம் இருக்கிறது. நாடா நீண்டுவிட்டால் மிதி நிலத்தைத் தொட்ட பிறகும் துருத்தி முழுதாக விரியாது. ஒவ்வொரு மிதிப்பிலும் காற்றில் ஒரு பகுதி வீண். குறுகிவிட்டால் மிதி உயரத்தில் தொங்கி முழங்காலை மேசைக்கு முட்டவைக்கும். இரண்டு நாடாவும் சமமில்லாவிட்டால் இரு காலும் வெவ்வேறு அளவு காற்றை எடுக்கும். பெட்டிக்குள்ளே சேமிப்புத் துருத்தி என்று இன்னொன்று இருக்கிறது. இரண்டு காலும் மாறி மாறித் தரும் விட்டுவிட்டு வரும் சக்தியை அதுதான் வாங்கி, ஒரே சீரான அழுத்தமாக்கி நாக்குகளுக்குக் கொடுக்கிறது. சிறு ஏற்றத்தாழ்வை அது விழுங்கிவிடும், பெரியதை விழுங்காது. பெரியது பாட்டில் துடிப்பாகக் கேட்கும்.

ஐரோப்பிய வகையில் இந்தச் சேமிப்பையே மூடிவிட ஒரு பிடி வைத்திருந்தார்கள். அதை இழுத்தால் பாதத்தின் அழுத்தம் நேரே நாக்குக்குப் போகும். மெல்ல மிதித்தால் முணுமுணுப்பு, ஊன்றினால் முழக்கம். குரலின் ஏற்ற இறக்கம் முழுவதும் கணுக்காலுக்கு வந்துவிடும். கற்றுக்கொள்ளக் கடினம், ஆனால் அந்த வாத்தியத்துக்கு உயிர் அங்கேதான் என்பேன்.

ஆனால் எப்படி மிதித்தாலும் சுரம் மாறாது. ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு பித்தளை நாக்கு. ஒரு முனை சட்டத்தில் இறுகியிருக்க, மறுமுனை தன் அளவேயான துளைக்குள் முன்னும் பின்னும் ஆடும். அதன் மீடிறன், அதாவது ஒரு செக்கனுக்கு எத்தனை தரம் ஆடுகிறது என்பது, தடிப்புக்கு நேராகவும் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிராகவும் போகும். 25 மில்லிமீற்றர் நீளமும் 0.3 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள பித்தளை நாக்கு செக்கனுக்கு ஏறத்தாழ 266 தரம் ஆடும். பியானோவின் நடுக் கட்டைக்கு மிக அருகில். நீளத்தைப் பாதியாக்கினால் மீடிறன் நான்கு மடங்கு. சுருதி சேர்ப்பவர் நுனியில் சிறிது சுரண்டினால் அங்கே பாரம் குறைந்து சுரம் ஏறும்; அடியில் சுரண்டினால் விறைப்புக் குறைந்து சுரம் இறங்கும். கடற்காற்றில் நுனியில் பச்சைக் களிம்பு பூத்தால் அதுவே பாரமாகிச் சுரத்தை இறக்கிவிடும். பலமாக மிதிப்பதாலும் சுருதி மயிரளவு தாழும். இவற்றுக்கு மேல் அந்த நாக்கை எதுவும் அசைக்காது.

கர்நாடக இசைக்காரருக்கு இதுதான் மனக்குறை. இரண்டு கட்டைகளுக்கு நடுவே எதுவும் இல்லை. கமகம் வழுக்கிச் செல்லும் பாதை முழுதும் அந்த நடுவில்தான் கிடக்கிறது. அகில இந்திய வானொலி 1940 மார்ச்சில் ஆர்மோனியத்தை விலக்கியது. 1971-இல்தான் தடை தளர்ந்தது. அவர்கள் சொன்ன இரண்டாவது காரணமும் காதுக்கு உண்மையானது. கட்டை வாத்தியத்தின் 12 சுரங்களும் சம இடைவெளியில் வெட்டப்பட்டவை. ஸட்ஜத்துக்கும் காந்தாரத்துக்கும் இயல்பான விகிதம் 4க்கு 5. சம வெட்டில் காந்தாரம் அதைவிடக் கொஞ்சம் கூர்மையாக நிற்கும். ஸட்ஜம் செக்கனுக்கு 329.6 அதிர்வு என்று வைத்தால் காந்தாரம் 412இல் அமைய வேண்டும், கட்டையில் 415.3இல் இருக்கும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மேலே உள்ள கிளைச் சுரங்கள் செக்கனுக்குப் 13 தரம் மோதிக்கொள்ளும். ஆர்மோனியத்தின் அந்த நமுநமுப்பு இதனால் வருவது.

நாடகக்காரர்கள் இந்த வாதத்துக்குச் செவிசாய்க்கவில்லை. கூட்டத்தின் கடைசி வரிசைவரை கேட்க வேண்டும், பனியிலும் ஈரக்காற்றிலும் விடியற்காலைக் காட்சிவரை சுருதி அசையாமல் நிற்க வேண்டும். உலோக நாக்கைவிட உறுதியாக அதைச் செய்ய வேறு எதுவும் அன்று இல்லை. அவர்களுடைய தெரிவு சரியானது.

இனித் தந்தி. யாழின் பெயரையே நகரத்துக்குச் சூட்டியிருக்கும் ஊர் நம்முடையது. ஆனால் யாழின் பெருங்குறையைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம்தான். செங்கோட்டியாழுக்கு 7 நரம்பு, சகோடயாழுக்கு 14, பேரியாழுக்கு 21 என்று உரையாசிரியர்கள் தரும் கணக்கு, எத்தனை சுரம் வேண்டுமோ அத்தனை நரம்பு கட்ட வேண்டியிருந்ததன் கணக்கே. பண்ணை மாற்ற ஒவ்வொரு முறையும் நரம்புகளைத் திருகி இறுக்குவது நடக்கிற காரியமல்ல. ஆகவே பாணர்கள் நரம்புகளை அப்படியே விட்டுவிட்டு, குரல் என்னும் தொடக்கச் சுரத்தின் இடத்தை மட்டும் அடுத்த நரம்புக்கு நகர்த்தினார்கள். ஒரே கட்டில் பாலைகள் எனப்படும் வேறு வேறு சுர வரிசைகள் பிறந்தன. விபுலாநந்த அடிகள் 1947-இல் வெளிவந்த யாழ் நூலில் இதை எண்களும் விகிதங்களுமாக நிறுத்திக் காட்டினார். அவர் பிறந்தது கிழக்கிலுள்ள காரைதீவு. நம் தீவகத்துக் காரைதீவான காரைநகரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தவர், லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. தமிழிசையை ஒரு பௌதிகவியலாளனின் கண்ணால் பார்க்க அவரைவிடத் தகுதியானவர் அன்று இல்லை.

தந்தியின் சுரத்தை மாற்ற இயற்கை மூன்று வழிகளைத்தான் தந்திருக்கிறது. 1636-இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி இவற்றைச் சூத்திரமாக எழுதினார். தந்தி எவ்வளவு நீளமோ அவ்வளவுக்குச் சுரம் தாழும். எவ்வளவு பாரமோ, அதன் வர்க்கமூலத்தின் அளவுக்குத் தாழும். எவ்வளவு இழுவையோ, அதன் வர்க்கமூலத்தின் அளவுக்கு ஏறும். பாரத்தை வாசிக்கும்போது மாற்ற முடியாது. மிஞ்சுவது நீளமும் இழுவையும்.

வீணைக்காரர் இரண்டையும் கையாள்கிறார். மெட்டு மாறும்போது நீளம் மாறுகிறது. அதே மெட்டில் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது இழுவை கூடுகிறது. கமகத்தின் பெரும்பகுதி இந்த இழுப்பில் பிறப்பது. சித்திரவீணைக்காரர் மெட்டுகளையே விட்டுவிட்டு, வழவழப்பான கட்டை ஒன்றைத் தந்திமேல் வழுக்கி நீளத்தை மட்டும் மாற்றுகிறார். ஹவாய்த் தீவுகளில் ஜோசப் கெகுகு (1874–1932) கிற்றாரில் கண்டெடுத்ததும் இதே வழிதான். தண்டவாளத்தில் கிடந்த ஆணியால் தந்தியை வழுக்கிப் பார்த்ததில் தொடங்கியது என்று சொல்வார்கள். அந்த ஹவாயன் கிற்றார் கடல் கடந்து ஆசியா முழுதும் பரவியது. 1940களில் டாவ் மோ என்ற கலைஞர் கல்கத்தாவில் வாழ்ந்து அதை வாசித்தார். பின்னாளில் பிரிஜ் பூஷண் காப்ரா அதில் ராகம் வாசித்தார். அதே வழியில் வந்த விஸ்வ மோகன் பட் 1994-இல் கிராமி விருது பெற்றார்.

ஆனால் வழுக்குக் கட்டைக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அது நேரானது. பல தந்திகளைச் சேர்த்து மீட்டினால் எல்லாத் தந்தியும் ஒரே அளவில்தான் ஏறும், ஒரே அளவில்தான் இறங்கும். ஒற்றைச் சுர வழியில் போகும் நம் இசைக்கு அது குறையாகவே தெரியாது. மேற்கத்திய இசையில் மூன்று சுரம் ஒன்றாக ஒலிக்க, அவற்றில் ஒன்று நிற்க, மற்ற இரண்டும் வெவ்வேறு அளவில் நகர வேண்டும். இரண்டு கையும் ஏற்கெனவே வேலையில் இருக்கின்றன. மிஞ்சியது கால்.

காலைச் சுரத்துக்குக் கொண்டுவந்த பெருமை யாழின் மேற்கத்திய உறவினரான ஹார்ப்புக்கு உரியது. செபாஸ்தியன் எரார் 1810-இல் காப்புரிமை எடுத்த பொறியில் 7 மிதிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலைகள். ஒரு மிதியை அழுத்தினால் ஒரு சுரத்தின் எல்லா ஸ்தாயித் தந்திகளும் சேர்ந்து மாறும். அங்கே மாறுவது நீளம். தந்தியின் மேல்முனையில் சிறு தட்டு ஒன்று திரும்பி, இரண்டு முளைகளால் தந்தியைப் பிடித்துக் குறுக்கிவிடும். யாழ் நரம்பின் அந்தப் பழைய குறைக்குக் கிடைத்த முதல் முழுமையான விடை இது.

பெடல் ஸ்டீல் கிற்றார் இழுவையைத் தெரிவுசெய்தது. 1954-இல் வெப் பியர்சின் ‘ஸ்லோலி’ என்ற பாட்டில் பட் ஐசக்ஸ் ஒரு மிதியை, தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அழுத்தினார். சுரக் கூட்டொன்று அப்படியே உருகி அடுத்ததாக மாறியது. அதற்கு முன்பும் மிதி வைத்த கிற்றார்கள் இருந்தன. அவற்றை இரண்டு மீட்டல்களுக்கு இடையில் சுருதி மாற்றும் வசதியாகத்தான் பார்த்திருந்தார்கள். அந்த மாற்றத்தையே கேட்கவைத்தது ஐசக்சின் புதுமை. பின்னர் படி எமன்ஸ் (1937–2015), ஒரே மிதி செய்த இரண்டு ஏற்றங்களையும் பிரித்து இரண்டு மிதிகளுக்குக் கொடுத்தார். இன்று உலகெங்கும் வழங்கும் மூன்று முதன்மை மிதிகளின் அமைப்பு அந்தப் பிரிப்பிலிருந்து வளர்ந்தது.

அந்த மூன்றையும் நம் சுரங்களில் சொன்னால் எளிது. வாத்தியத்தில் 10 தந்திகள். நடுவிலுள்ள முக்கியமானவை ஸ, க, ப என்று திரும்பத் திரும்ப வருகின்றன. ‘ஏ’ மிதி பஞ்சமத்தைத் தைவதத்துக்கு ஏற்றும். ‘பி’ மிதி காந்தாரத்தை மத்தியமத்துக்கு ஏற்றும். ‘சி’ மிதி ஒரு ஸட்ஜத்தை ரிஷபத்துக்கும் ஒரு பஞ்சமத்தைத் தைவதத்துக்கும் ஏற்றும். ஏயும் பியும் சேர்ந்தால் ஸ-க-ப என்ற கூட்டு ஸ-ம-த ஆகும். பியும் சியும் சேர்ந்தால் ரி-ம-த. வழுக்குக் கட்டையை அசைக்காமலே இவ்வளவும் நடந்துவிடும்.

உள்ளே நடப்பதை ஒரே ஒரு தந்தியில் பார்ப்போம். ஐந்தாம் தந்தி, விட்டம் 0.43 மில்லிமீற்றர் உருக்கு, நீளம் 61 சென்ரிமீற்றர். அதன் பஞ்சமம் செக்கனுக்கு 247 அதிர்வு. அதற்கு வேண்டிய இழுவை ஏறத்தாழ 10.6 கிலோகிராம் பாரம். தைவதத்துக்குப் போக 13.4 கிலோகிராம் வேண்டும். கூடுதலான இந்த இழுவையை உண்டாக்கத் தந்தியை எவ்வளவு நீட்ட வேண்டும் என்று கணக்கிட்டால் விடை அரை மில்லிமீற்றருக்குச் சற்று மேல். ஒரு முழுச் சுரத்தின் தூரம் அவ்வளவுதான்!

பாதம் இறங்குவதோ இரண்டு, இரண்டரை சென்ரிமீற்றர். மிதியிலிருந்து ஒரு மெல்லிய கம்பி மேலே போய் வாத்தியத்தின் அடியில் கிடக்கும் குறுக்குத் தண்டைத் திருப்பும். தண்டில் பொருத்திய சிறு நெம்பு, நீண்ட இழுகம்பி ஒன்றை இடப்பக்கமாக இழுக்கும். வலது முனையில் தந்திக்கு ஒரு விரல் போன்ற உலோகத் துண்டு இருக்கிறது. தந்தி அதன் வளைந்த தலைமேல் ஏறி முடிகிறது. இழுகம்பி அந்த விரலைச் சாய்க்கும், தந்தி இறுகும். தேர்ந்த காது ஐந்து சதப் பிழையைக்கூடக் கண்டுகொள்ளும். ஒரு முழுச் சுர இடைவெளி ஏறத்தாழ 200 சதம். ஐந்து சதம் என்பது தந்தியின் நீட்சியில் நூறில் ஒன்றரை மில்லிமீற்றர். செருப்புக் காலால் அந்தத் துல்லியத்துக்கு மிதிக்க எந்த மனிதனாலும் முடியாது, முடியவும் தேவையில்லை. மிதி ஒரு தடையில் போய் முட்டி நிற்கும். இழுகம்பியின் நுனியில் உள்ள நைலோன் திருகாணி, விரல் எங்கே நிற்க வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிட்டது. பாதம் செய்ய வேண்டியது தடைவரை போவது மட்டும். எவ்வளவு வேகமாக, எவ்வளவு தயங்கி, எந்த இடத்தில் சற்று நின்று போகிறது என்பதில்தான் வாசிப்பவரின் கலை.

தந்திகளைத் தனித்தனியே சுருதி சேர்க்க முடிவதால் ஆர்மோனியத்துக்குக் கிட்டாத ஒரு சுதந்திரமும் கிடைக்கிறது. காந்தாரத்தைச் சம வெட்டின் 415.3இல் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 412க்கு இறக்கி, மோதல் அடங்கும்வரை கேட்டு நிறுத்தலாம். தேர்ந்த வாசிப்பாளர்கள் பலர் அந்தத் திசையில்தான் நிறுத்துகிறார்கள்.

பழைய பெடல் ஸ்டீல் கிற்றார் ஒன்றை வாங்குபவருக்கு வரும் முதல் சிக்கல் மிதிகளின் வரிசை. எமன்ஸ் முறையில் இடமிருந்து ஏ, பி, சி. அதே காலத்தில் வாசித்த ஜிம்மி டே (1934–1999) முறையில் சி, பி, ஏ. ஒரு முறையில் பழகிய கால் மற்ற முறையில் பாட்டைக் குலைத்துவிடும். ஆகவே மிதிகளை இடம் மாற்ற வேண்டும். இந்த மாற்றத்தில் நான் மிகவும் ரசிக்கும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு பாதம் ஒரு நேரத்தில் அடுத்தடுத்த இரண்டு மிதிகளை மட்டுமே மூட முடியும். ஏயும் பியும் சேர வேண்டும், பியும் சியும் சேர வேண்டும். ஏயும் சியும் சேர வேண்டிய தேவையே இல்லை. இரண்டும் அதே ஐந்தாம் தந்தியை அதே சுரத்துக்குத்தான் ஏற்றுகின்றன. ஆகவே பி நடுவில் இருக்கும்வரை இரு ஓரங்களையும் மாற்றினாலும் எந்தக் கூட்டும் கைவிட்டுப் போகாது. மாறுவது கணுக்கால் சாயும் பக்கம் மட்டும். பியிலிருந்து ஏக்கு இடப்புறம் சாய்ந்த பாதம் இனி வலப்புறம் சாயும். முழங்காலால் தள்ளும் நெம்புகளும் இருப்பதால், எந்தச் சாய்வு முழங்காலுக்கு இசைவு என்பதே பலருடைய தெரிவைத் தீர்மானிக்கிறது.

வேலை என்று பார்த்தால், பெயர்ப்பலகை மாற்றுவதுபோல் மிதிகளைக் கழற்றி மாற்றிப் பூட்டினால் ஒன்றும் ஆகாது. மிதி வெறும் தகடு. அது எந்தக் குறுக்குத் தண்டைத் திருப்புகிறதோ அந்தத் தண்டில்தான் சுரம் இருக்கிறது. முதல் தண்டில் உள்ள நெம்புகளும் இழுகம்பிகளும் மூன்றாம் தண்டுக்குப் போக வேண்டும், மூன்றாவதன் பொருட்கள் முதலாவதுக்கு வர வேண்டும். தண்டுகள் வலது முனையிலிருந்து வெவ்வேறு தூரத்தில் இருப்பதால் இழுகம்பிகளின் நீளம் பொருந்தாது. சிலவற்றைப் புதிதாக வெட்ட நேரும். எமன்ஸ் பெயரில் வந்த பழைய கிற்றார்களில் விரலை ஒரு பக்கம் இழுக்கவும் மறுபக்கம் தள்ளவும் தனித்தனிக் கம்பிகள். அங்கே ஒரு கம்பியைத் தொட்டால் அடுத்ததன் தடையும் மாறும். அவற்றை அவசரப்பட்டுத் திறக்கக் கூடாது. எந்த வகையானாலும் கழற்றும் முன் ஒவ்வொரு கம்பியும் விரலின் எந்தத் துளையில் இருந்தது என்று படம் வரைந்துகொள்ள வேண்டும். துளை மாறினால் நெம்பின் விகிதம் மாறும். அதே சுரம் வரும், ஆனால் மிதி கல்லாகக் கனக்கும் அல்லது பாதம் அதிக தூரம் இறங்க வேண்டிவரும். இரண்டையும் ஒருங்கே குறைக்க முடியாது. நெம்புகோலின் பழைய சட்டம் அது: தூரத்தில் மிச்சம் பிடித்ததைப் பலத்தில் கொடுத்தாக வேண்டும்.

இந்த வாத்தியத்தை ஊர்காவற்றுறையிலோ நெடுந்தீவிலோ கொண்டுவந்து வைத்தால் எது முதலில் போகும்? மூன்றாம் தந்தி. வாத்தியத்தின் மிக உயர்ந்த காந்தாரம் அதனுடையது. விட்டம் 0.28 மில்லிமீற்றர். சும்மா இருக்கும்போதே 12.6 கிலோகிராம் பாரத்தைத் தாங்குகிறது. ‘பி’ மிதியை அழுத்தி மத்தியமத்துக்கு ஏற்றினால் 14.1. ஒரு சதுர மில்லிமீற்றருக்கு எவ்வளவு என்று பார்த்தால் 230 கிலோகிராம். நல்ல உருக்குக் கம்பியின் எல்லைக்கு அது மிக அருகில். தடித்த தந்தி போட்டால் தப்பலாம் என்று தோன்றும், தப்ப முடியாது. தடித்தால் பாரம் கூடும், அதே சுரத்துக்கு அதே விகிதத்தில் இழுவையும் கூடும், ஒரு சதுர மில்லிமீற்றருக்கு விழும் சுமை மாறாது. அறுவதைத் தீர்மானிப்பவை நீளமும் சுரமும் உருக்கின் தரமுமே.

அந்த எல்லையில் நிற்கும் தந்திக்குக் கடற்காற்று எதிரி. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கரையும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைட்டும் கலந்திருக்கிறது. அது 33 வீதத்திலேயே கரையும். தீவகத்தில் ஈரப்பதன் அவ்வளவு கீழே இறங்குவது அரிது. ஆகவே தந்திமேல் படிந்த உப்பு நடைமுறையில் ஒருபோதும் முழுதாக உலர்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலம் ஒன்று எப்போதும் அங்கே இருக்கும். அதிலுள்ள குளோரைட் உருக்கில் சிறு குழிகளைத் தோண்டும். 0.28 மில்லிமீற்றர் கம்பியில் நூறில் ஒரு மில்லிமீற்றர் குழிகூடப் பெரிய குழிதான். சுமை சமமாகப் பரவாமல் குழியின் அடியில் குவியும். வெடிப்பு அங்கே தொடங்கும். நிக்கல் பூசிய தந்தியோ துருவேறா உருக்குத் தந்தியோ போட்டால் இது தாமதமாகும். வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் தந்தியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடைத்தால் இன்னும் தாமதமாகும். மேலே மட்டும் துடைத்துவிட்டு அடிப்பக்கத்தை மறப்பவர்கள்தான் அதிகம்.

அறும் இடத்தையும் முன்கூட்டியே சொல்லலாம். தந்தி நடுவில் அறுவது அபூர்வம். வலது முனையில் அந்த உலோக விரலின் தலைமேல் தந்தி வளைகிறதே, அங்கேதான் அறும். ஒவ்வொரு மிதிப்புக்கும் தந்தியின் அதே துளி இடம் வளைந்து நிமிர்ந்து உராய்கிறது. பழைய கிற்றார்களில் விரலின் தலையில் தந்தி வெட்டிய மெல்லிய பள்ளம் இருக்கும். நகத்தால் தடவினால் தட்டுப்படும். பள்ளத்தில் உப்பும் தங்கும், தந்தியும் கூடுதலாக நெரியும். மிதிகளை இடம் மாற்ற வாத்தியத்தைத் திறக்கும் நாளிலேயே தந்திகளைக் கழற்றி, மிக நுண்ணிய உப்புத்தாளால் அந்தத் தலையைத் தந்தி ஓடும் திசையிலேயே தேய்த்து வழவழப்பாக்கி, ஒரு சொட்டு எண்ணெய் துணியில் தொட்டுத் துடைத்துவிட்டுப் புதுத் தந்தி பூட்டுவது நல்லது. குறுக்கே தேய்க்கக் கூடாது. குறுக்குக் கீறல் ஒவ்வொன்றும் அடுத்த தந்திக்கு ஓர் அரமாகும்.